வெள்ளிக் கண்பட்டைக்காரர்களிடம் கேட்ட கேள்வி

1

வைட்ஃபீல்டிலிருந்து வீடு திரும்பும் எங்கள் ஆபீஸ் பஸ் ஒரு சிக்னலில் நின்றால், பக்கத்து இருக்கைக்காரரின் வாழ்க்கை வரலாறு முழுவதையும் கேட்டுவிடலாம். போன வாரம் அப்படி நின்றபோது ஹேமா என் தோளைத் தட்டினாள். சேலத்துப் பெண். எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவள். வெளியே சுவரில் அந்த விண்வெளிப் படத்தின் அடுத்த பாகத்துக்குப் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள்.

"அக்கா, இதுக்கு முந்தி ஒண்ணு வந்துச்சே, அது எப்படிக்கா? ஹாஸ்டல்ல பாதிப் பேரு சூப்பருங்கறாங்க. பாதிப் பேரு தூங்கிட்டோம்ங்கறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதிக்குப் பாதி என்ற அந்தத் தீர்ப்பை இந்த ஊரில் முதலில் சேகரித்தவள் நான்தான். படம் வெளியான அன்று தியேட்டர் வாசலில் நின்று, வெளியே வந்த ஒவ்வொருவரையும் மறித்துக் கேட்டேன். என் வேலையே அதன் மேல்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பஸ் நகர்வதற்குள் ஹேமாவுக்கு முழுக் கதையையும் சொல்லி முடித்தேன். ஊரில் இருக்கும் உங்களுக்கும் சொல்கிறேன்.

பெங்களூரு என்ன சிங்கப்பூரா, அங்கே போய் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டுக் கடிதம் மாதிரி எழுதுகிறாளே என்று ஆரணியில் சிலர் நினைக்கலாம். ஓசூரைத் தாண்டிப் பாருங்கள். கடைப் பலகை, பஸ் பலகை எதையும் படிக்க முடியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசற்படி ஏறிய முதல் ஆள் நான். மாவட்டத்தில் பரிசு வாங்கியவள். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவள். மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் இறங்கிய முதல் நாள், "இந்த பஸ் எங்கே போகுது?" என்று வேர்க்கடலை விற்கிறவரிடம் கேட்டு ஏறினேன். என் அம்மா ஆயுள் முழுக்க அப்படித்தான் பஸ் ஏறியிருக்கிறாள். அன்று ராத்திரியே கன்னட அரிச்சுவடி ஒன்று வாங்கிவிட்டேன். எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம்.

2

அப்போது நான் வேலை பார்த்தது ஓர் இணையதளத்தில். அப்படியென்றால் என்ன என்று அப்பாவுக்கு விளக்கிப் பார்த்து, கடைசியில் "கம்ப்யூட்டர்ல வர்ற பேப்பருப்பா" என்று முடித்துக்கொண்டேன். "அதுல பஜ்ஜி மடிக்க முடியுமா?" என்று கேட்டார்.

ஜெயநகரில் ஒரு பேக்கரிக்கு மேலே ஓர் அறை. நான்கைந்து கம்ப்யூட்டர்கள். காலையில் கீழேயிருந்து பன் வேகும் வாசனை ஏறி வரும்போது யாருக்கும் வேலை ஓடாது. ஊரில் எங்கே என்ன சினிமா, எந்த ஓட்டலில் என்ன விசேஷம், எங்கே கண்காட்சி என்பதையெல்லாம் எழுதிப் போடுவோம். முதலாளி வினய் மைசூர்ப் பக்கத்துக்காரர். பெங்களூரில் வளர்ந்ததால் கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் ஒரே டம்ளரில் ஊற்றிக் கலக்கிப் பேசுவார். "சார் எல்லாம் பேடா, வேணாம், வினய்னே கூப்பிடுங்க" என்று தினமும் சொல்வார். நானும் தினமும் "சரி சார்" என்பேன்.

நான் குடியிருந்தது ஸ்ரீராம்புரத்தில், கலா அக்கா வீட்டு மாடி அறையில். கலா அக்காவின் தாத்தா காலத்திலேயே வட ஆற்காட்டிலிருந்து வந்துவிட்ட குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் மகள் திவ்யாவுக்குத் தமிழில் ஓரெழுத்துகூடத் தெரியாது. நான் அவளுக்குத் தமிழ் சொல்லித்தர வேண்டும், அவள் எனக்குக் கன்னடம் சொல்லித்தர வேண்டும் என்று அக்கா ஏற்பாடு செய்தாள். நான் பஸ் பலகை படிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். திவ்யா 'ஈ'யைத் தாண்டவில்லை. "இத்தப் படிச்சி நான் இன்னா ஆன்ட்டி பண்ணப்போறேன், நீங்கதான் இங்க வந்துட்டீங்களே" என்றாள். ஆன்ட்டி என்று கூப்பிடாதே என்று மட்டும் கண்டித்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

ஆறு மாதம் தற்காலிகம், அதன் பிறகு பிடித்திருந்தால் நிரந்தரம் என்பது ஆபீஸ் ஒப்பந்தம். அந்த நிரந்தரக் கடிதம் இல்லாமல் இந்த ஊரில் நான் ஆளே இல்லை. பேங்கில் கணக்குத் தொடங்கப் போனால் விலாசத்துக்கு ஆதாரம் கேட்டார்கள். ரேஷன் கார்டு ஆரணியில் இருக்கிறது என்றேன். அதில் பெயரை நீக்கிவிட்டு இங்கே புதிது வாங்கு என்றார்கள். அதற்குப் போனால், நீ இங்கேதான் வேலை செய்கிறாய் என்பதற்குக் கம்பெனி கடிதம் கொண்டு வா என்றார்கள். இதை அப்பாவிடம் சொன்னபோது, கடிதத்தை விட்டுவிட்டுப் பெயர் நீக்கத்தைப் பிடித்துக்கொண்டார். "கார்டுலேர்ந்து பேர எடுத்துட்டா நீ யார் வூட்டுப் பொண்ணு?"

அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். ஆலை முதலாளியைப் பிடித்து, ஆரணியில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் எனக்கு டீச்சர் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். "ஆறு மாசம் முடியட்டும். அவங்க நெலையா வெச்சிக்கினா இரு. இல்லன்னா திங்கக்கெழமை ஸ்கூல்ல வந்து சேரு. ரெண்டுல ஒண்ணு." அப்பா அதிகம் பேசமாட்டார், பேசினால் மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கும்.

எனக்கு ஆரணிக்குப் போக விருப்பமில்லை. பள்ளிக்கூட வேலை மட்டம் என்பதால் அல்ல. இங்கே நான் எழுதுவதற்குச் சம்பளம் தந்தார்கள். எழுத்துத் தெரியாத வீட்டிலிருந்து வந்தவளுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆறு மாதம் முடிகிற அந்த வெள்ளிக்கிழமைதான் படமும் வெளியானது.

3

வினய்க்கு அந்தப் படம் சாதாரணப் படமில்லை. முந்தைய பாகங்களை அவர் பள்ளிக்கூட வயதில் பார்த்தவர். ஒரு கிரகத்தையே எரித்துவிடுகிற ஒற்றைக்கண் தளபதியின் கதை. அந்தத் தளபதி இளைஞனாக இருந்தபோது எப்படி இருந்தான், எப்படிக் கெட்டான் என்று சொல்லும் முன்கதைதான் இப்போது வருகிறது. பல வருடங்களாக வரும் வரும் என்று சொல்லி வராமல் இருந்தது. அமெரிக்காவில் முன்னமே வெளியாகி, அங்கே பார்த்தவர்கள் இணையத்தில் எழுதித் தள்ளியிருந்தார்கள். அதை ஆபீஸில் யாரும் படிக்கக் கூடாது என்று வினய் தடை போட்டிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் வாய் தவறி ஏதோ சொல்லத் தொடங்க, வினய் காதைப் பொத்திக்கொண்டு படியிறங்கிப் பேக்கரிக்கே ஓடிவிட்டார்.

ஆபீஸில் எல்லோரும் முதல் காட்சிக்கு டிக்கெட் எடுத்தார்கள். வினய் என்னிடமும் கேட்டார்.

"நான் பழைய படம் எதுவும் பார்த்ததில்லை சார்."

"ஒண்ணு கூட பாத்தில்லவா? சும்னே சொல்றீங்க."

"எங்க ஊர் கொட்டகைக்கு அது வரல சார்."

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. "அப்போ நீங்கதான் கரெக்ட். நாங்க எல்லாம் உள்ள இருப்போம். நீங்க வெளிய நில்லுங்க. வர்றவங்க கிட்ட ரியாக்‌ஷன் வாங்குங்க. சாயங்காலத்துக்குள்ள போட்டுடணும். இந்த ஊர்ல நாமதான் ஃபர்ஸ்ட்டு. ஹ்யாப்பி ஃபேசஸ் வேணும் வனிதா, ஆய்த்தா? அது நல்லா வந்துச்சுன்னா அன்னிக்கே உங்க லெட்டர்ல சைன் பண்றேன்."

அன்று மாலை தொலைபேசிக் கடையிலிருந்து அம்மாவிடம் பேசினேன். எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்குப் போன் போட்டால் அம்மாவைக் கூப்பிடுவார்கள். முன்கதை என்றால் என்ன என்று சொன்னேன்.

"கெட்டவனா ஆவப்போறான்னு எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்மா."

"சாவப்போறதும் தெரியுமா?"

"அதுவும் போன படத்துலயே வந்துடுச்சாம்."

"அப்புறம் இன்னாத்துக்குடி டிக்கெட்டு? நம்ம எதிர் வூட்டு முருகேசன் சின்னதுல தங்கமான புள்ளதான். அத்தப் படமா எடுத்தா நான் பாப்பனா?"

இதை வினய்யிடம் சொல்லியிருந்தால் அன்றே வேலை போயிருக்கும்.

4

வெள்ளிக்கிழமை காலை கையில் சின்ன டேப் ரிக்கார்டருடன் தியேட்டர் வாசலுக்குப் போனேன். உள்ளே போன கூட்டத்தில் பாதிப் பேர் ஒரு கண்ணில் வெள்ளித்தாள் ஒட்டியிருந்தார்கள். தளபதியின் கண்பட்டையாம். சாக்லேட் தாள், சிகரெட் அட்டைத் தாள், சமையலறை அலுமினியத் தாள் எல்லாம் இருந்தன. ஒரு கண்ணை மூடிக்கொண்டு படியேறியதில் இரண்டு பேர் தடுக்கி விழுந்தார்கள். வினய்யும் கட்டியிருந்தார். அவருடையது தையற்காரரிடம் கொடுத்துத் தைத்தது.

இங்கே எங்கள் தெரு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பெண்கள் முதல் நாள் படத்துக்குப் போவதில்லை. ஆண்கள் போய்விட்டு வருவார்கள். எந்த ஆணும் முதல் நாள் பார்த்த படத்தை நன்றாயில்லை என்று சொல்லமாட்டான். அதுவும் தன் நடிகன் படமென்றால் கழுத்தில் கத்தி வைத்தாலும் சொல்லமாட்டான். என் அப்பாவும் ஒரு ரசிகர் மன்றத்தில் இருக்கிறவர்தான். அதனால் "படம் எப்படி?" என்று கேட்டுப் பயனில்லை என்பது எங்கள் பெண்களுக்குத் தெரியும். அவர்கள் கேட்பது ஒன்றுதான். "அப்போ நாளைக்கு எங்களக் கூட்டிக்கினு போ." படம் உண்மையிலேயே நன்றாக இருந்தால், "ரெடியா இருங்க" என்று பதில் வரும். இல்லாவிட்டால் ஆணுக்குத் திடீரென்று ஆலையில் ஓவர்டைம் வந்துவிடும்.

முன்பின் தெரியாதவர்களிடம் உன் வீட்டாரைக் கூட்டிவருவாயா என்று கேட்க முடியாது. அதனால் கேள்வியைச் சுருக்கி வைத்திருந்தேன். நாளைக்கு மறுபடி வருவீர்களா? இந்தச் சுருக்கத்தில் எனக்குப் பெருமைதான். கல்லூரியில் படித்தவர்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி என்று நினைத்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. முதலில் கல்லூரிப் பையன்கள் வந்தார்கள்.

"மைண்ட் ப்ளோயிங்!" என்று ரிக்கார்டருக்குள்ளேயே கத்தினான் ஒருவன்.

"நாளைக்கு மறுபடி வருவீங்களா?"

அவன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். "மண்டே இன்டர்னல்ஸ் இருக்கு."

"மச்சி, நீ என்னிக்குடா இன்டர்னல்ஸுக்குப் படிச்ச?" என்றான் மற்றவன். முதலாமவன் கண்பட்டையைப் பிய்த்து அவன் நெற்றியில் ஒட்டிவிட்டுப் போனான்.

ஒரு பெண் கண்கலங்கி வந்தாள். நாளை மட்டுமில்லை, நாளை மறுநாளும் வருவேன் என்றாள். அந்த இளைஞன் தன் கப்பலின் சமையற்காரனுக்குச் சோறு ஊட்டுகிற காட்சியில் அழுதுவிட்டாளாம். அவள் பின்னாலேயே வந்தவர், "ஸ்பேஸ் படத்துல எவன்மா சோறு ஊட்டறது? சண்ட எங்க? இருந்த ஒரே சண்டையிலயும் நடுவுல கட் பண்ணி இன்டர்வல் வுட்டுட்டான். நான் பாப்கார்ன் வாங்கிட்டு வர்றதுக்குள்ள எவன் ஜெயிச்சான்னே தெரியல" என்றார். தியேட்டர்காரர்கள் ஆங்கிலப் படத்தில் இல்லாத இடைவேளையைத் தாங்களே ஓரிடத்தில் போடுவார்கள். அன்று வாள் ஓங்கியிருக்கும்போது போட்டுவிட்டார்கள். இந்தப் புகாரில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி.

கோட்டு போட்ட ஒரு பெரியவரிடம் கன்னடத்தில் கேட்போம் என்று துணிந்து, "நாளே மத்தே பர்த்தியா?" என்றேன். மரியாதை விகுதி விட்டுப்போயிற்று. 'நாளைக்கு மறுபடி வர்றியாடா' என்று கேட்ட மாதிரி. அவர் நின்று, கண்ணாடியைச் சரிசெய்து, சுத்தமான தமிழில், "வர்றேண்டியம்மா, நீ டிக்கெட் எடுத்துக் குடு" என்றார். கூட இருந்த பேரப்பிள்ளைகள் சிரித்த சிரிப்பு டேப்பில் அப்படியே பதிந்திருந்தது.

வாசல் கம்பியோரம் பிளாக்கில் டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தவர் என்னையே கவனித்துக்கொண்டிருந்தார். கடைசியில் கிட்டே வந்தார். "மேடம், எந்த ஊரு? தமிழா? நம்ம ஆளுதான். அந்த 'நாளிக்கு வருவியா'ன்ற கேள்வி மட்டும் வாணாம் மேடம். கேட்டவொடனே அவன் அவன் மூஞ்சி தொங்குது. அத்தப் பாத்துட்டு லைன்ல நிக்கிறவன் கெளம்பறான். ஈவினிங் ஷோ ஃபுல்லா என் பாக்கெட்ல இருக்கு."

"உண்மையைத்தான கேக்கறேன்?"

"உண்மைய ஞாயித்துக்கெழமைக்கு மேல கேளேன்மா!"

5

கூட்டம் வடிந்துவிட்டது. ஆபீஸ் ஆட்கள் வந்தார்கள், என்னைப் பார்த்துவிட்டு, "வினய் எதிர்ல எங்க கிட்ட எதுவும் கேக்காதீங்க" என்று கண்ணாலேயே சொல்லி நகர்ந்தார்கள். வினய் கடைசியாக வந்தார். தைத்த கண்பட்டை நெற்றிக்கு ஏறியிருந்தது. கல்யாண மண்டபத்தில் செருப்பைத் தொலைத்தவர் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார்.

ரிக்கார்டரை நீட்டினேன். அவரும் ஒரு பார்வையாளர்தானே.

"எப்படி சார் இருந்தது?"

"ஆசம்." சொல்லிவிட்டுக் கண்பட்டையைக் கழற்றினார். "விஷுவல்ஸ் எல்லாம்... ஆசம்."

"நாளைக்கு மறுபடி வருவீங்களா?"

அவர் பைக் சாவியைத் தேடினார். சட்டைப் பையில் தேடி, பேன்ட் பையில் தேடி, கையிலேயே இருந்த சாவியைக் கண்டுபிடித்தார். "ஆபீஸ்ல பார்க்கலாம்" என்று கிளம்பிவிட்டார்.

பஸ்ஸில் டேப்பை ஓட்டிக் கேட்டேன். ஹ்யாப்பி ஃபேசஸ் இல்லாமலில்லை. "சூப்பர்", "ஆசம்", "மைண்ட் ப்ளோயிங்" எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து, என் கேள்வியை வெட்டிவிட்டால் பிரமாதமான மகிழ்ச்சிப் பக்கம் வந்துவிடும். கடிதம் கிடைக்கும், பேங்க் கணக்கு கிடைக்கும், திங்கட்கிழமை நான் ஆரணியில் இருக்க வேண்டியதில்லை. சோறு ஊட்டும் காட்சிக்கு அழுத பெண்ணை மட்டும் வைத்தாலே போதும்.

ஆனால் அப்படி எழுதுவதற்கு நான் எதற்கு? அதை முதல் நாள் பார்த்துவிட்டு வரும் எங்கள் தெரு ஆண்களே எழுதிவிடுவார்கள். ஜெயநகரில் இறங்கும்போது முடிவு செய்துவிட்டேன். ரோஷம் அதிகம் என்று முன்பே சொன்னேன்.

6

எல்லோரும் சொன்னதை அப்படியே எழுதினேன். யாரார் என்ன சொன்னார்கள், நாளைக்கு வருவீர்களா என்றதும் யாரார் எந்தக் காரணம் சொல்லி நழுவினார்கள் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். உற்சாகமாக மறுபடி வருகிறேன் என்றவர்களை விடவில்லை. கடைசியில், "நீலச் சட்டை அணிந்த ஒருவர் ஆசம் என்றார். நாளைக்கு வருவீர்களா என்றதும் சாவியைத் தேடப் போய்விட்டார்" என்று எழுதினேன். அச்சிட்டுக் கொண்டுபோய் வினய் மேஜையில் வைத்தேன். மேஜை மேலேயே என் கடிதமும் இருந்தது, கையெழுத்து இடம் மட்டும் காலியாக.

வினய் படித்தார். அதே நீலச் சட்டையில்தான் உட்கார்ந்திருந்தார்.

"இது நான்தானே?"

"ஆமாம் சார்."

"நான் கேட்டது ஹ்யாப்பி ஃபேசஸ்."

"இருக்கு சார். மேல பாருங்க, அழுத பொண்ணு."

"அழுத பொண்ணு ஹ்யாப்பி ஃபேஸா?" அறையில் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமினார்கள். வினய் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார். நீலச் சட்டை வரியை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கடிதத்தையும் சேர்த்துக் கிழித்தால் ராத்திரி எந்த பஸ் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

அவர் அந்த வரியின் கீழே ஆங்கிலத்தில் எழுதினார். பதில்: வருவேன். நாளைக்கு இரண்டு ஷோ.

எனக்குப் புரியவில்லை. "படம் பிடிக்கலையே சார்?"

"பிடிக்கல்ல."

"அப்புறம் எதுக்கு மறுபடி?"

"ஒரு தடவ பாத்து எப்படி வனிதா வுட்டுர்றது? எவ்ளோ வருஷம் வெயிட் பண்ணேன். நான்தான் ஏதாவது மிஸ் பண்ணிட்டேனோ என்னமோ." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போட்டுடுங்க. உங்க பேர் போட்டே போடுங்க. திட்டு வரும். அதுவும் உங்களுக்குத்தான்."

பக்கம் ஏறியது. என் பெயரோடு. திட்டும் வந்தது. பழைய படம் பார்க்காத பெண்ணுக்கு இது பற்றி என்ன தெரியும் என்று ஒரு கட்சி, நான் சொல்ல நினைத்ததையே போட்டுவிட்டீர்கள் என்று ஒரு கட்சி, வாள் ஓங்கியபோது இடைவேளை விட்ட தியேட்டர் எது, உதைக்க வேண்டும் என்று ஒரு கட்சி. பேக்கரிக்காரர் கடை அடைக்கும்வரை நாங்கள் மேலே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தோம். கடிதத்தில் எப்போது கையெழுத்துப் போட்டார் என்று நான் கவனிக்கவேயில்லை. கிளம்பும்போது என் கம்ப்யூட்டர் விசைப்பலகை மேல் கிடந்தது.

ஆனால் என் மனசு அந்தப் பதிலையே சுற்றிக்கொண்டிருந்தது. நாளைக்கு வருகிறேன் என்றால் படம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இதுதான் என் கேள்வியின் உயிர். நிஜமான ரசிகர் ஒருவரிடம் வந்ததும் அது உடைந்துவிட்டதே.

சனிக்கிழமை ஊருக்குப் போன் போட்டேன். மளிகைக் கடைக்காரர் அப்பாவைக் கூப்பிட்டு வந்தார்.

"குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்கப்பா. நெலையா வெச்சிக்கினாங்க."

"இன்னா பண்ண, குடுத்தாங்க?"

நடந்ததையெல்லாம் சொன்னேன். கண்பட்டை, பெரியவர், பிளாக் டிக்கெட்காரர், நீலச் சட்டை, எல்லாம். ஆரணியில் ஒரு படத்தைச் சுமார் என்று சொன்னவன் சைக்கிளை என் அப்பாவின் ரசிகர் மன்றம் கிணற்றில் இறக்கியிருக்கிறது. அதையே இங்கே சொன்னதற்கு எனக்கு வேலையே நிரந்தரம் ஆகியிருக்கிறது. அதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

"நல்லால்லன்னு அவரே சொல்றாருப்பா. ஆனா இன்னிக்கி ரெண்டு ஷோ போயிருக்காரு. எனக்கு ஒண்ணும் புரியல."

"இதுல புரியறதுக்கு இன்னா இருக்குது?" என்றார் அப்பா. "படம் நல்லா இருந்தா ஊரே பாக்கும். நல்லால்லாதப்பதான் நாம போய்ப் பாக்கணும்."

போனில் லாரி ஒன்று கடந்து போகிற சத்தம் கேட்டது.

"ஸ்கூலுக்காரங்க கிட்ட வரலன்னு சொல்லிடறேன். அந்தாளு கிட்டயே இரு. வுட்டுட்டுப் போற ஆளு இல்ல."